வெள்ளிக்கிழமை விலாசம்

1984 மே 6, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 5.40.

“குளிருது சிஸ்டர்” என்றாள் காவேரி.

தருமபுரி மாவட்டத்தில் மே மாதத்தில் யாருக்கும் குளிராது. தொட்டம்பேட்டையின் அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில், மூன்றாம் எண் கட்டிலில் கிடந்தவளுக்குப் பல் கிட்டியது. நர்ஸ் லூர்துமேரி இரண்டு கம்பளி போர்த்தினாள். கம்பளியோடு சேர்ந்து கட்டிலும் ஆடியது. தெம்புக்கென்று ஐந்து பத்துக்கு ஏற்ற ஆரம்பித்த சலைன் பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. டாக்டரை எழுப்பிக்கொண்டு வருவதற்குள் நாடி விழுந்துவிட்டது.

7.15-க்கு உயிர் போனது. வயது இருபத்தாறு. வாந்திபேதி என்று சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தவள். அன்று இரவே கஞ்சி குடித்துவிட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

லூர்துமேரி அழுதுகொண்டே ஒரு நல்ல காரியம் செய்தாள். பாட்டிலைக் கழுவப் போடவில்லை. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் பஞ்சு நூல் மாதிரி ஏதோ மிதந்தது. சனிக்கிழமை ஏற்றியதெல்லாம் பழைய சரக்கு. அன்று புதிதாக வந்த ஆறு பாட்டில்களில் இதுதான் முதலில் திறந்தது. மற்ற ஐந்தையும் எடுத்துப் பார்த்தாள். நான்கில் அதே நூல்.

ஆறிலும் பேட்ச் 414 என்று ஒட்டியிருந்தது. ஆறும் ஒரே மருந்து ஏஜென்சியிலிருந்து வந்தவை. பெயர் கனி மெடிக்கல் ஏஜென்சி. உரிமையாளர் அப்துல் கனி, சந்தைத் தெரு.

காலை மணி 9.20.

சந்தைத் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. காவேரியின் ஊரிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். எவனோ கடைப் பலகையை ஏற்கெனவே பிடுங்கிக் கீழே போட்டிருந்தான். சப் இன்ஸ்பெக்டர் நூர் பாஷா ஜீப்பை விட்டு இறங்கி, பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே ஸ்டேஷனில் அவரைக் கண்டு பயந்தார்கள்.

காவேரியின் புருஷன் கருப்பண்ணன் கத்தவில்லை. கடைப்படியில் உட்கார்ந்திருந்தான். தக்காளித் தோட்டத்து மண் காலில் அப்படியே இருந்தது.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க” என்றான். “அந்தத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?”

“விசாரிக்கிறேன்” என்றார் நூர் பாஷா.

“தெரிஞ்சவன் யாருன்னு எனக்கு நேருல சொல்லுங்க.”

பதினோரு மணிக்கு அந்தக் கேள்விக்கு முதல் பாதிப் பதில் வந்தது. மாவட்ட மருந்து ஆய்வாளர் மெட்ராசில் இருக்கும் சலைன் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே டிரங்க் கால் போட்டுப் பிடித்தார். மேனேஜர் தடுமாறவே இல்லை. பேச்சில் பெருமைகூட இருந்தது. பேட்ச் 414 சரியில்லை என்று வியாழக்கிழமை மாலையே தெரிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா ஏஜென்டுகளுக்கும் எக்ஸ்பிரஸ் தந்தி போய்விட்டதாம். அதற்கு மேலும் விற்றால் கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லி போனை வைத்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

வெள்ளிக்கிழமையே தந்தி. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆறு பாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. கணக்கு நேராக அப்துல் கனி கழுத்தில் போய் விழுந்தது.

காலை மணி 11.30.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தபால் ஆபீஸ் பூட்டியிருந்தது. பின்புறக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த போஸ்ட் மிஸ்ட்ரஸ் ராணியம்மாள் ஈரத் தலையோடு வந்து திறந்துவிட்டார். கண்டிப்பான அம்மாள். எழுதிக் கொடுத்தால்தான் காட்டுவேன் என்றார். நூர் பாஷா எழுதிக் கொடுத்தார்.

முதலில் ஆபீஸ் பிரதியைக் காட்டினார். மெட்ராசிலிருந்து, வெள்ளிக்கிழமை மதியம் 12.35-க்கு இறங்கிய தந்தி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பேட்ச் 414 விற்பனையை உடனே நிறுத்தவும், யாருக்கும் ஏற்ற வேண்டாம், பாட்டில்களைத் திருப்பி அனுப்பவும். விலாசத்தில் ஒரே ஒரு வார்த்தை. கனிமெட்.

“முழு அட்ரஸ் எங்க?” என்று கேட்டார் ஏட்டு முனிராஜ்.

ராணியம்மாளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இருந்தாலும் விளக்கினார். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. கடைப் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் வியாபாரிகள் ஒரு குறும்பெயரைப் பதிவு செய்துகொள்வார்கள். எந்தப் பெயருக்கு வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது தபால் ஆபீஸ் புத்தகத்தில் இருக்கும். அனுப்புகிறவனுக்கு இடம் தெரிய வேண்டியதில்லை. தந்திப்பியூனுக்குப் புத்தகம்தான் வேதம். புத்தகத்தில் கிணறு என்று போட்டிருந்தால் கிணற்றில் போட்டுவிட்டு வருவான்.

புத்தகத்தைத் திறந்தார். கனிமெட் என்பதற்கு நேரே சந்தைத் தெரு விலாசம். அதன் கீழே வேறு மையில் இன்னொரு வரி. ‘வெள்ளிக்கிழமைகளில் பகல் 12 முதல் 2 வரை பஸ் ஸ்டாண்டு பின்புறக் கிடங்கில் கொடுக்கவும்.’

“இது எப்ப எழுதுனது?”

“மார்ச் பத்தொம்போது. அவங்கதான் லெட்டர் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடைய சாத்திடுவாங்க. முன்னெல்லாம் அந்த நேரத்துல வந்தா எங்க தந்திப்பியூன் மாது திருப்பிக் கொண்டாந்து, மூணு மணிக்கு மறுபடியும் எடுத்துட்டுப் போவாரு. அலைச்சல் மிச்சம்னு நானும் மாத்திட்டேன்.”

லெட்டரை எடுத்துக் காட்டினார். கடையின் அச்சடித்த தாள். டைப் அடித்த நான்கு வரி. கீழே அப்துல் கனியின் கையெழுத்து.

கடைசியாக டெலிவரி ரசீது. ‘மே 4, மணி 12.50, பெற்றுக்கொண்டேன், கனிமெட்டுக்காக.’ கையெழுத்து படிக்கிற நிலையில் இல்லை. மை பரவி நீலக் கறையாகியிருந்தது. கறை பெரிய வட்டமாக இருந்தது, பக்கத்தில் சின்னச் சின்னதாக இரண்டு.

“வேர்வ” என்றார் முனிராஜ். “இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்காது.”

பகல் மணி 12.30.

அப்துல் கனி ஸ்டேஷனில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. கூட்டத்தில் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

“கையெழுத்து உங்களுதா?”

“என்னோடதுதாங்க.”

“லெட்டர்?”

“நான் எழுதலீங்க. எழுதச் சொல்லவும் இல்ல.”

“கையெழுத்து மட்டும் தானா வந்து உக்காந்துக்குச்சா?”

கனி தலையைக் குனிந்தார். “மாசா மாசம் சரக்கு எடுக்க மெட்ராஸ் போவேங்க. நான் இல்லாதப்போ ஆர்டர் அனுப்பணும்னு பத்துத் தாள்ல வெறுங்கையெழுத்துப் போட்டு மேஜையில வச்சிட்டுப் போவேன். இருவது வருஷமா அப்படித்தான். யாரும் தப்புப் பண்ணதில்ல.”

நூர் பாஷா லெட்டரை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவனை நல்லவன் என்பதா, மடையன் என்பதா? இரண்டும்தான்.

“வெள்ளிக்கிழமை பன்னெண்டு அம்பதுக்கு எங்க இருந்தீங்க?”

“பெரிய பள்ளிவாசல்ல. பன்னெண்டே முக்காலுக்கு அங்க ஜும்மா. முதல் வரிசையில இருந்தேன். ரெண்டு மணிக்குக் கடை திறந்துட்டேன்.”

“கிடங்குச் சாவி?”

“மூணு இருக்குங்க. எங்கிட்ட ஒண்ணு. என் மச்சினன் ரஷீதுகிட்ட ஒண்ணு. கிடங்கு பார்க்கிற பச்சியப்பன்கிட்ட ஒண்ணு.”

நாளைக் காலை பத்தரைக்கு அவரைத் தருமபுரியில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கம்பெனி தந்தி கொடுத்திருக்கிறது, தபால் ஆபீஸ் பட்டுவாடா செய்திருக்கிறது, இவர் கடை வாங்கியிருக்கிறது, விற்றும் இருக்கிறது. சிறைக்குப் போக இதற்கு மேல் காகிதம் தேவையில்லை. கனிக்கும் அது தெரிந்திருந்தது.

“ஜெயிலுக்குப் போறது பெருசில்லீங்க” என்றார். “தெரிஞ்சே வித்தேன்னு அந்தப் பையன் நினைச்சிக்குவானே, அதான் தாங்கல.” கருப்பண்ணனைச் சொன்னார்.

பகல் மணி 2.00.

தந்திப்பியூன் மாதுவுக்கு ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி. சைக்கிளை ஸ்டேஷன் வேப்பமரத்தில் பூட்டிவிட்டு, பூட்டியதை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு வந்தார்.

“யார்கிட்ட குடுத்தீங்க?”

“கைகிட்ட குடுத்தேனுங்க.”

முனிராஜ் சிரித்துவிட்டார். நூர் பாஷா சிரிக்கவில்லை.

“கிடங்குக் கதவுல மாரளவுக்கு ஒரு சந்து இருக்குங்க. லாரிக்காரங்க பில்லு நீட்டறதுக்கு வச்சது. தட்டுனேன். கை வந்துச்சு. தந்தியும் ரசீதும் குடுத்தேன். ரசீது திரும்பி வந்துச்சு. வேகாத வெயிலு, நான் கெளம்பிட்டேன்.”

“குரல்?”

“பேசலீங்க. ‘மெட்ராஸ் தந்தி’ன்னு நான்தான் சொன்னேன்.”

“உள்ள யாருன்னு நினைச்சீங்க?”

“கிடங்குன்னா பச்சியப்பன்தானுங்களே.”

அந்த ஒரு வார்த்தை முனிராஜுக்குப் போதும். மூன்று மணிக்குப் பச்சியப்பனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒல்லியான ஆள், முப்பது வயது. முதல் கேள்விக்கே கையைக் கூப்பினான்.

“பன்னெண்டரைக்குப் பூட்டிட்டு வூட்டுக்குச் சோத்துக்குப் போயிட்டேனுங்க. வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு மணிக்குத்தான் திரும்புவேன். கடையும் சாத்தியிருக்கும், லோடும் வராது.”

“யார் பார்த்தா?”

“எம் பொண்டாட்டி குள்ளம்மா.”

“வேற?”

“சோறு திங்கறத ஊர்ல யாருங்க வந்து பார்ப்பாங்க?”

அடுத்து அப்துல் ரஷீத். கனியின் மனைவி ஹாஜிராவின் தம்பி. இருபத்தாறு வயது. பன்னிரண்டு வயதில் தகப்பன் போன பிறகு அக்காள் வீட்டிலேயே வளர்ந்தவன். கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை மதியம்?”

“ஜும்மாவுக்குப் போயிருந்தேங்க.”

“தந்தி வந்தது தெரியுமா?”

“கடைக்கு வரலீங்க.”

முனிராஜ் அதை அப்போதே சரிபார்த்துவிட்டார். சந்தைப் பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்கிற மோதினாரைக் கேட்டார். ஆமாம், ரஷீத் வந்தார், கூடவே நின்று தொழுதார் என்று மோதினார் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆறேழு வாரமாக இங்கேதான் வருகிறார், நல்ல பிள்ளை என்றும் சொன்னார். முனிராஜ் டைரியில் ‘ரஷீத், ஜும்மா, உண்மை’ என்று எழுதிக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

மாலை மணி 4.40.

அஸர் தொழுகைக்கு நூர் பாஷா சந்தைப் பள்ளிவாசலுக்குப் போனார். தொட்டம்பேட்டையில் பள்ளிவாசல் இரண்டு. சந்தையை ஒட்டிய இந்தச் சின்னதில் வியாபாரிகள்தான் அதிகம். ஹவுள் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முகம் கழுவி, கைகளை முழங்கை வரை கழுவி, தலை தடவி, கால் கழுவி எழுந்தார். துண்டு கொண்டுவர மறந்திருந்தார்.

முனிராஜ் வாசலில் நின்றார். கையில் ரிமாண்டுத் தாள். “ஐயா, ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே டைப்புக்குக் குடுத்துடுவேன்.”

நூர் பாஷா தாளைச் சுவரில் வைத்து எழுதினார். முழங்கையிலிருந்து வழிந்த தண்ணீர் மணிக்கட்டுக்கு வந்து, சுண்டுவிரல் வழியாகத் தாளில் இறங்கியது. பெயரின் மேலேயே விழுந்தது. நீலம் பரவியது. ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் சின்னதாக இரண்டு.

“கெட்டுப் போச்சே, வேற தாள் எடுத்தாறேன்” என்றார் முனிராஜ்.

“வேணாம். இதையே வச்சிருங்க. மாதுவைக் கூப்பிட்டு ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாங்க. அந்தக் கை ஈரமா இருந்துச்சா? இருந்தா, எதுவரைக்கும்?”

தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது முனிராஜ் மூச்சு வாங்க நின்றார். “ஈரந்தானுங்களாம். முழங்கை வரைக்கும் சொட்டச் சொட்ட இருந்துச்சாம். பாட்டில் கழுவிகினு இருந்திருப்பான்னு நெனச்சிகினாராம். அத ஏன்யா மத்தியானமே சொல்லலன்னேன். நீங்க கேக்கலையேங்கறாரு.”

நூர் பாஷா செருப்பை மாட்டாமல் பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருந்த தொழுகை நேரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேரே ராணியம்மாள் வீட்டுக்குப் போனார். மார்ச் பத்தொன்பதுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் கனிமெட்டுக்கு வந்த தந்திகள் எத்தனை என்று கேட்டார்.

ராணியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். இரண்டே இரண்டுதான். ஒன்று மே 4, மெட்ராஸ். இன்னொன்று ஏப்ரல் 27, பம்பாய். அதில் ‘தேர்வானீர், மருத்துவச் சோதனை முடிந்தது, விசா தேதி அடுத்த வெள்ளி தந்தியில்’ என்று இருந்தது. பெயர் இல்லை.

அடுத்த வெள்ளி என்றால் மே 4.

மே 7, திங்கட்கிழமை. காலை மணி 8.15.

ஸ்டேஷனில் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். அப்துல் கனி, ரஷீத், பச்சியப்பன், மாது, ராணியம்மாள். கருப்பண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள். அவன் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். பிரேதப் பரிசோதனை முடிந்து உடம்பு ஒன்பது மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் தருமபுரிக்குப் போகும் ஜீப் நின்றது.

“முதல்ல லெட்டர்” என்றார் நூர் பாஷா. “மெட்ராஸ் தந்தியை மறைக்கணும்னு யாரும் அதை எழுதல. மார்ச்சுல எழுதின லெட்டர். பாட்டில் கெட்டது மே மாசம். வரப்போற சாவு யாருக்கும் தெரியாது. வேற ஒரு தந்திக்காக வாசல மாத்தி வச்சாங்க. மாத்தின வாசல் வழியா இதுவும் போயிடுச்சு.”

பம்பாய்த் தந்தியின் பிரதியைப் படித்துக் காட்டினார். கனி புரியாமல் நிமிர்ந்தார்.

“யாரோ ஒருத்தர் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கார். பதில் வீட்டுக்கும் வரக்கூடாது, கடைக்கும் வரக்கூடாது. கடையோட தந்திப் பேரு மட்டும் வேணும். அதனால வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மட்டும் விலாசத்தைக் கிடங்குக்கு மாத்திட்டு, பம்பாய் ஏஜென்ட்டுகிட்ட வெள்ளிக்கிழமை காலையில தந்தி அடிங்கன்னு சொல்லியிருக்கார். சாவி இருக்கிறவங்க மூணு பேர்.”

“பச்சியப்பன்தானே ஐயா” என்றார் முனிராஜ்.

“வெள்ளிக்கிழமை பன்னெண்டரைல இருந்து ரெண்டு வரைக்கும் பச்சியப்பன் கிடங்குல இருக்க மாட்டார். அது எல்லாருக்கும் தெரியும். தான் சோத்துக்குப் போற நேரமாப் பார்த்து யாராவது தனக்குத் தந்தி வரச் சொல்லுவாங்களா?”

பச்சியப்பன் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டான்.

“ரெண்டாவது, ரசீது. முனிராஜ் வேர்வைன்னார். மாது பாட்டில் கழுவுன ஈரம்னார். பாட்டில் கழுவுனா மணிக்கட்டு நனையும். சாப்பிட்டுக் கை கழுவுனாலும் அவ்வளவுதான். முழங்கை வரைக்கும் சொட்டச் சொட்ட ஒருத்தர் நிக்கறார்னா, அவர் ஒளு செஞ்சிருக்கார். தொழுகைக்குத் தயாராயிட்டார். இது நேத்து காலையிலேயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தினமும் அஞ்சு வேளை செய்யறவன் நான். ரசீதைக் கையில வச்சிக்கிட்டே கோட்டை விட்டேன்.”

வெட்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் போலீஸ்காரரை அந்த ஸ்டேஷன் பார்த்ததில்லை.

“சரி, பன்னெண்டு அம்பதுக்கு ஒளு செஞ்சு நிக்கறவர் எந்த ஜும்மாவுக்குப் போவார்? பெரிய பள்ளியில பன்னெண்டே முக்காலுக்கே ஆரம்பிச்சாச்சு. கனி பாய் அங்க முதல் வரிசையில இருந்தார், இமாமே சொல்றார். ஆனா வெள்ளிக்கிழமை இங்க சந்தை நாள். வியாபாரம் ஓய்ஞ்சு வரணும்னு சந்தைப் பள்ளியில ஜும்மாவை ஒண்ணரைக்கு வச்சிருக்காங்க. பலகையில போட்டிருக்கு. முனிராஜ் போய் ஜும்மாவுக்கு வந்தாரான்னு கேட்டார். வந்தார்னாங்க. எத்தன மணிக்குன்னு கேக்கல. ஊருக்கு ஒரு ஜும்மாதான்னு நினைச்சிட்டார். மோதினார் பொய் சொல்லல. ரஷீத் தம்பியும் பொய் சொல்லல.”

ரஷீத் எழுந்து நின்றான்.

“பல வருஷமா மச்சானோட பெரிய பள்ளிக்குப் போனவர், ஆறேழு வாரமா சந்தைப் பள்ளிக்கு வர்றார். புத்தகத்துல அந்த வரி ஏறுன அதே வாரத்துல இருந்து. தம்பி, அந்தத் தந்தியை நீங்களே குடுத்துடுங்க. உங்க மேல நான் கை வைக்க வேணாம்.”

ரஷீத் வெளியே போனான். முனிராஜ் கூடவே போனார். மரத்தடியில் நின்ற டி.வி.எஸ். ஃபிப்டியின் சீட்டைத் தூக்கி, ஆர்.சி. புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தான். மேஜையில் வைத்தான்.

நூர் பாஷா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தந்திக் காகிதத்தின் ஓரம் பசை போட்டு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“பிரிக்கவே இல்லையா?”

“மெட்ராஸ் தந்தின்னு மாது அண்ணன் சொன்னாருங்க. அப்ப எனக்கு வந்தது இல்ல, மச்சானுக்கு வந்தது. அடுத்தவங்க தந்திய எப்படிங்க பிரிக்கறது?” என்றான் ரஷீத். “ரெண்டு மணிக்குக் கடை திறக்கறதுக்குள்ள ஷட்டருக்கடியில தள்ளிடலாம்னு இருந்தேன். தொழுதுட்டு வந்தா மச்சான் எனக்கு முன்னாடியே திறந்துட்டாரு. கையில குடுத்தா கிடங்குக்கு ஏன் போச்சும்பாரு, லெட்டர் வெளிய வரும். சனிக்கிழமை வெள்ளென வந்து தள்ளலாம்னா, அன்னிக்கும் அவரே முதல்ல வந்துட்டாரு. பிரிச்சிருந்தா ஷட்டருக்கடியில போட முடியாதுங்களே, அதுக்கோசரமும் பிரிக்கல.”

“சனிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஆறு பாட்டில் யார் கொண்டுபோனது?”

“நான்தாங்க.”

“தந்தி எங்க இருந்துச்சு?”

“சீட்டுக்கடியில.”

கருப்பண்ணன் தரையிலிருந்து எழுந்தான். முனிராஜ் சட்டென்று குறுக்கே வந்தார். கருப்பண்ணன் அவரைத் தாண்டிப் போக முயலவில்லை.

“வராண்டாவுல நான் நின்னப்ப வந்தீங்களே” என்றான் ரஷீதிடம். “புது சரக்கு வந்துருச்சு, இனி பயமில்லன்னீங்க. நாந்தான் உங்க வண்டியில இருந்து பெட்டிய எறக்கி உள்ள கொண்டுபோய் வச்சேன்.”

நூர் பாஷா ரஷீத் பக்கம் திரும்பினார்.

“நேத்துக் காலையில அவ போனது தெரிஞ்சப்ப, அது என்ன தந்தின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் நூர் பாஷா. “நேத்து முழுக்க உங்க மச்சான் இந்த பெஞ்சுல உக்காந்திருந்தார்.”

“ஆமாங்க.”

“பிரிக்காதது பயம். நேத்து வாய மூடிக்கிட்டு இருந்தது பயமில்ல. அதுக்கு வேற பேரு.”

அப்துல் கனி மெல்ல எழுந்து மேஜைக்கு வந்தார். “நான் பிரிக்கலாங்களா?” என்று கேட்டார். நூர் பாஷா சாட்சிகளுக்குத் தலையசைத்துவிட்டு அனுமதித்தார். கனி நகத்தால் பசையைக் கீறிப் பிரித்தார். படித்தார். திரும்பவும் படித்தார். மச்சினன் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“சவுதி பேச்செடுத்தா வீட்டுப்படி ஏறாதன்னு சொன்னேன். அது என் தப்பு” என்றார். “ஆனா எம் பேருக்கு வந்த காயிதத்தைப் பிரிக்காதன்னு உனக்கு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனாடா?”

“இல்ல மச்சான்.”

“பிரிச்சிருக்கலாமேடா.”

வாசலில் ஆஸ்பத்திரி வண்டியின் சத்தம் கேட்டது. கருப்பண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனான். ரிமாண்டுத் தாளில் இருந்த பெயரை அடித்துவிட்டு, முனிராஜ் வேறு பெயரை எழுதினார்.